டியூஸ்டேயா, தர்ஸ்டேயா?

டியூஸ்டே என்று போனில் சொன்னது தர்ஸ்டே என்று காதில் விழுந்து மீட்டிங்கைத் தவறவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சங்கடப்படாதீர்கள், நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன்தான். இரண்டு நாள் முன்னதாகவே ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கைகொடுத்தது கிழமைகளின் பெயர்க்கதை. ஞாயிறு என்றால் சூரியன், சன்டேயும் அதுவே. திங்கள் நிலா; மண்டேயில் இருப்பதும் மூன்தான். சனி ஆங்கிலத்தில் சாட்டர்ன், அதுதான் சாட்டர்டே. செவ்வாய் முதல் வெள்ளி வரை மட்டும் அந்தக்கால ஆங்கிலேயர்கள் கோள்களுக்குப் பதிலாகத் தங்கள் தெய்வங்களை வைத்துக்கொண்டார்கள். வியாழனுக்கு வந்தவர் தோர், இடிக்குரிய தெய்வம். இடி என்றால் தண்டர். தண்டர், தர்ஸ்டே இரண்டுக்கும் நாக்கு நுனி பல்லில் படும். டியூஸ்டேயின் 'டி'க்கு நாக்கு மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறில் தட்டும். கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

புதன்கிழமையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள்: வாயில் வென்ஸ்டே போதும். ஸ்பெல்லிங் எழுதும்போது மட்டும் மனசுக்குள் வெட்-நெஸ்-டே என்று சொல்லிக்கொள்ளுங்கள், நடுவிலிருக்கும் 'டி' (d) விட்டுப்போகாது.

அப்புறம், 'இன் மண்டே' வேண்டாம், 'ஆன் மண்டே'. 'நெக்ஸ்ட்' வந்தால் அந்த ஆனும் வேண்டாம். ஆனால் நெக்ஸ்ட் ஃப்ரைடே இந்த வாரமா அடுத்த வாரமா என்பதில் ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே தகராறு உண்டு. கூச்சப்படாமல் "ஃப்ரைடே, 14ஆம் தேதிதானே?" என்று கேட்டுவிடுங்கள். நான் இன்னமும் கேட்கிறேன்.