கம்ப்ரசரை அச்சில் மாட்டலாமா?

கேள்வி: விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஸ்லிப் (நீரில் கரைத்த களிமண் குழம்பு) ஊற்றி மக் செய்கிறோம். மழைக்காலத்தில் அச்சு காய்வதே இல்லை, ஒரு நாளைக்கு ஒரு முறை ஊற்றினாலே பெரிது. பெரிய தொழிற்சாலைகளில் அழுத்தம் கொடுத்து வார்க்கிறார்களாம். என்னிடம் கம்ப்ரசர் இருக்கிறது. இதே அச்சில் செய்யலாமா, வேறு அச்சு வேண்டுமா?

பதில்: இப்போதுள்ள அச்சில் தயவுசெய்து கம்ப்ரசரை மாட்டாதீர்கள். 1 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ விசை. மக்கின் குறுக்கு வெட்டு 10 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 80 சதுர செ.மீ. அதில் 6 பார் ஏற்றினால் அச்சின் இரண்டு பாதிகளையும் கிட்டத்தட்ட 480 கிலோ விசை பிளக்கும். பாதிகளைச் சேர்த்துக் கட்டும் ரப்பர் பட்டை அதைத் தாங்காது. அடைபட்ட காற்று வெடித்து வெளியேறும்போது பிளாஸ்டர் துண்டுகள் முகத்தில் பாயும்.

தொழிற்சாலைகளில் அதிக அழுத்தத்துக்கு பிளாஸ்டர் அச்சு பயன்படுவதில்லை. நுண்துளை உள்ள அக்ரிலிக் ரெசின் அச்சுதான். மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவத்தையும் அக்ரிலிக் தூளையும் தண்ணீரோடு பால்போலக் கலக்கி ஊற்றுவார்கள். ரெசின் இறுகியதும் தண்ணீர் இருந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று இணைந்த துளைகளாக நிற்கும். அச்சுக்குள் ஓடும் குழாய்கள் வழியே ஸ்லிப்பின் நீர் வெளியேறும். அப்புறம் அதே குழாய்களில் காற்றைத் திருப்பி விட்டால் பொருள் கழன்று வரும். அச்சைக் காயவைக்கும் வேலையே இல்லை. பிளாஸ்டர் அச்சு நூறு வார்ப்பு வாக்கில் தேய்ந்துவிடும், இது பல்லாயிரம் வார்ப்பு தாங்கும். ஆனால் அந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும், இறுகும்போது கடும் சூடு எழும்பும், அச்சைப் பிடித்து நிறுத்த ஹைட்ராலிக் பிரஸ்ஸும் வேண்டும். சிறு பட்டறையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்களுக்குப் பொருந்துவது ஸ்லிப் டேங்கை உயரத்தில் வைப்பது. 3 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே அச்சின் அடியில் ஸ்லிப் ஏறினால், லிட்டருக்கு 1.8 கிலோ எடையுள்ள ஸ்லிப் அரை பாருக்குச் சற்று மேலே அழுத்தம் தரும். மேலே காற்று வெளியேற ஒரு சிறு துளை விட்டு, ஸ்லிப் எட்டிப் பார்த்ததும் அடைத்துவிடுங்கள். நல்ல காய்ந்த பிளாஸ்டர் தானாக உறிஞ்சுவதே 1 முதல் 2 பார் வரை அழுத்தத்துக்குச் சமம். அதனால் வார்ப்பு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இதிலும் 40 கிலோவுக்கு மேல் பிளக்கும் விசை உண்டு. இரும்புச் சட்டமும் போல்ட்டும் போடுங்கள்.

சரி, ஈரத்துக்கு என்ன வழி? புது அச்சு வார்க்கும்போதே உள்முகத்திலிருந்து 2.5 செ.மீ. பின்னால், காற்றும் நீரும் கசியும் துணிக் குழாயை வளைத்து வளைத்துப் பதியுங்கள். எடைக்கணக்கில் 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். இரண்டு நிமிடம் ஊறவிட்டுக் குமிழி சேராமல் கலக்குங்கள். பிளாஸ்டர் இறுகிச் சூடேறும்போது குழாயில் மெதுவாகக் காற்று விட்டால் நீர் வெளியேறும் வழிகள் திறந்துகொள்ளும். அச்சு முழுதும் காய்ந்த பின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் எப்பாக்ஸி பூசுங்கள். பூசாவிட்டால் காற்று முதுகு வழியே போய்விடும்.

உங்கள் கம்ப்ரசருக்கு இங்கேதான் வேலை. ஒவ்வொரு வார்ப்புக்குப் பிறகும் ரெகுலேட்டரில் அரை பார் வைத்துக் காற்று விடுங்கள், 1 பாரைத் தாண்ட வேண்டாம். உள்முகத்தில் வேர்வைபோல நீர் பூக்கும், ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். மீதி ஈரத்துக்கு மின்விசிறி போதும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்து 50 டிகிரியைத் தாண்டவிட்டால் பிளாஸ்டர் மாவாக உதிரும்.

முதலில் ஒரே ஒரு அச்சு மட்டும் செய்து பாருங்கள். காய்ந்த எடையை அதன் முதுகிலேயே எழுதிவைத்து, காற்று விட்டதும் தராசில் வையுங்கள். இன்னும் எவ்வளவு தண்ணீர் உள்ளே நிற்கிறது என்பதும், அன்று இரண்டாவது முறை ஊற்றலாமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.