குப்பையைப் பிரிக்கிறது எப்படி? உங்க கேள்வி, அக்கா பதில் (சென்னை)

வேளச்சேரி: அக்கா, எது எதுல போகணும்னு ஒரே மூச்சில சொல்லிடுங்களேன்.

சமையலறைக் கழிவு, பூ, இலை, டீத்தூள், மீன் முள் பச்சைத் தொட்டிக்கு. காஞ்ச பேப்பர், பிளாஸ்டிக், தகரம், துணி நீலத் தொட்டிக்கு. மூணாவது வகையைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க: பல்பு, பேட்டரி, மருந்து, ஊசி, பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து. இதுக்கு ஒரு அட்டைப்பெட்டியை பால்கனி மூலையில வச்சுடுங்க, தினம் நிறையாது. இப்பவே ஒண்ணு சொல்லிடறேன். ஈரக்குப்பையை கேரி பேக்ல போட்டு முடிச்சுப் போடாதீங்க. அந்த முடிச்சை ஒருத்தர் கையாலதான் அவிழ்க்கணும். அவிழ்க்க நேரமில்லேன்னா கிழிப்பாங்க, கிழிச்ச பிளாஸ்டிக் உரத்துக்குள்ள போயிடும்.

கே.கே. நகர்: மொட்டை மாடியில மண்தொட்டியில உரம் போடறேன் மேடம். மூணாவது வாரமே நாத்தம், வெள்ளைப் புழு. பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வராங்க.

நாத்தமும் புழுவும் வேற வேற பிரச்சினை.

அழுகின முட்டை மாதிரி நாறினா உள்ள காத்து இல்ல, தண்ணி ஜாஸ்தி. மேல இருந்து ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சு பாருங்க. விரல் இடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா ஈரம் அதிகம். பொலபொலன்னு உதிர்ந்தா காஞ்சு போச்சு, அப்பதான் எறும்பு வரும். ஒழுகுதுன்னா எல்லாத்தையும் ஒரு பழைய சாக்குல கொட்டி, காஞ்ச இலையோ தேங்காய் நார்த்தூளோ பாதிக்குப் பாதி கலந்து திருப்பி நிரப்புங்க. அதுக்கப்புறம் தினமும் ஒரு கிண்ணம் சமையல் கழிவு போட்டா, அதே கிண்ணத்தால ஒண்ணரைக் கிண்ணம் காஞ்ச இலை மேல மூடணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் தப்பு நடக்கிற இடம் இதுதான்: மிச்ச சாம்பாரையும் ரசத்தையும் வடிகட்டாம ஊத்தறது. வடிகட்டின சக்கை மட்டும் உள்ள போகட்டும்.

வாழைத்தண்டு, வாழையிலை, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் ஒரு அங்குலத்துக்கு நறுக்கிப் போடுங்க. முழு இலையா போட்டா தட்டு மாதிரி படிஞ்சு காத்தை மறைச்சுடும். தொட்டியைச் சுத்தி துளை இருக்கணும், அடியை செங்கல் மேல தூக்கி வைக்கணும். வாரம் ஒரு தடவை குச்சியால அடிவரைக்கும் கிளறுங்க. ஆரம்பிக்கும்போது ஒரு கரண்டி புளிச்ச மோர் தெளிச்சா வேகமாப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மூடி போட்டே ஆகணும். இல்லேன்னா ஒரே ராத்திரியில குழம்பாயிடும்.

புழு தடிச்சு, வெளிர் பழுப்பா, ஒரு முனை கூர்ந்து இருந்தா அது கருப்பு சிப்பாய் ஈயோட புழு. கடிக்காது, நோய் பரப்பாது, உங்க வேலையைத்தான் செய்யுது. மாமிக்குப் பிடிக்கலேன்னா காஞ்ச இலையை இன்னும் அதிகமாப் போடுங்க, குறைஞ்சிடும். சுமார் ரெண்டு மாசத்துல மண்வாசனை வரணும். தோலும் தண்டும் அடையாளம் தெரிஞ்சா இன்னும் ஆகல.

பெரம்பூர்: முட்டை ஓடு?

நொறுக்கி உரத்தொட்டியில போடுங்க.

அம்பத்தூர்: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர் எதுல?

நீலத்துல. உள்ள வெள்ளி மாதிரி மினுக்கறதெல்லாம் பல அடுக்கு ஒட்டினது, காயலாங்கடையில வாங்க மாட்டாங்க. பிரிச்சு எடுத்தா சிமென்ட் ஆலையில எரிபொருளாப் போகும். எண்ணெய் பிசுக்கோட ஈரக்குப்பையில விழுந்தா அதுவும் இல்ல.

அடையாறு: பால் கவரைக் கழுவித்தான் போடணுமா அக்கா?

ஆமா. அரை டம்ளர் தண்ணி ஊத்தி ஆட்டி பால் பாத்திரத்துலயே ஊத்திடுங்க, எப்படியும் நிறைய வீட்ல அதைத்தானே செய்யறோம். அப்புறம் கவரை விரிச்சுக் கொடியில கிளிப் போடுங்க. முனையை வெட்டும்போது துண்டா எடுத்துடாதீங்க, ஒட்டிக்கிட்டே இருக்கட்டும். அந்தத் துணுக்கு குப்பை பிரிக்கிறவங்க கைக்கு அகப்படாது. சல்லடையிலயும் நழுவி உரத்துலயே தங்கிடும்.

தி. நகர்: தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஊர்ல பால் கவரைக் கழுவறதா? கொஞ்சம் ஓவரா இல்ல?

அரை டம்ளர்னா 100 மில்லி. நாலு கவருக்கு 400. பழைய மாடல் ஃபிளஷ் டேங்க் ஒரு தடவை இழுத்தா 10 லிட்டர் போகுது. அங்க மிச்சம் பிடிங்க சார்.

தி. நகர்: கடையில அவனே கழுவிக்க மாட்டானா?

கழுவுவாங்க. ஆனா நாலு நாள் புளிச்ச கவர் அதுக்குள்ள பக்கத்துல இருக்கிற பேப்பர்ல ஒட்டி, அதையும் விலைபோகாம ஆக்கிடும். எலியும் கரப்பானும் போனஸ். பால் கவர் ஒரே வகை பாலிதீன், அதனாலதான் அதுக்கு மதிப்பே.

மயிலாப்பூர்: மதிப்பா? போன வாரம் ஒரு பை நிறைய கொண்டு போனேன், டீ காசு கூடத் தேறல.

தேறாது. அரை லிட்டர் கவர் ஒண்ணு மூணு கிராம் கூட வராது. ஒரு கிலோ சேர முந்நூறுக்கு மேல வேணும். காசுக்காகச் சேர்த்தா நாலே நாள்ல விட்டுடுவீங்க. பழைய பேப்பர் போடும்போது கூடவே போட்டுடுங்க.

கோடம்பாக்கம்: நாம கழுவிக் காயவச்சுப் பிரிச்சுக் கொடுக்கறோம், பேட்டரி வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டறாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

கொட்டறாங்க, இல்லேன்னு சொல்லல. வண்டி நம்பரோட போட்டோ எடுத்து, சென்னை மாநகராட்சி புகார் எண் 1913-ல சொல்லுங்க. "எங்க தெருவுல சரியில்ல"ன்னு மொட்டையா சொன்னா ஒண்ணும் நடக்காது. தேதி, நேரம், தெரு, வண்டி எண் வேணும். அதுவரைக்கும் பேப்பர், பால் கவர், பாட்டில், தகரத்தை வண்டியிலயே ஏத்தாதீங்க, நேரா கடைக்கு. ஈரக்குப்பையை வீட்லயே உரமாக்கிட்டா வண்டிக்குப் போறது கொஞ்சம்தான்.

மயிலாப்பூர்: அப்ப மாநகராட்சி எதுக்கு?

பால் கவர் போதும், அடுத்தது.

மந்தைவெளி: நாப்கின், குழந்தை டயாபர் எப்படிக் கொடுக்கிறது? கூச்சமா இருக்கு.

கூச்சத்துக்கு இடமே இல்ல மேடம். டயாபர்ல இருக்கிற மலத்தைக் கழிப்பறையில தட்டிட்டு, பேப்பர்ல சுருட்டி, வெளிய சிவப்புப் பேனாவுல ஒரு வட்டம் போட்டு, தனியாக் கையில கொடுங்க. வட்டம் இருந்தா பிரிக்கிறவங்க திறக்க மாட்டாங்க. டாய்லெட்ல மட்டும் போடாதீங்க. உள்ள இருக்கிற ஜெல் தண்ணி குடிச்சு ஊதி, குழாயையே அடைச்சிடும்.

குரோம்பேட்டை: இங்க 1913 அடிச்சா எங்க ஏரியா இல்லேங்கறாங்க.

நீங்க தாம்பரம் மாநகராட்சி சார். அங்க கேளுங்க. ஆவடிக்காரங்க ஆவடி மாநகராட்சியில கேளுங்க.

வில்லிவாக்கம்: சுருள் பல்பு கைதவறி உடைஞ்சிடுச்சு. பெருக்கிடலாமா?

பெருக்காதீங்க. சி.எஃப்.எல்.னு சொல்ற இந்தச் சுருள் பல்புலயும் டியூப் லைட்டுலயும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு, துடைப்பம் அதைப் பரப்பும். ஃபேன், ஏ.சி. ரெண்டையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துட்டு, குழந்தைகளோட பத்துப் பதினைஞ்சு நிமிஷம் வெளிய போங்க. திரும்பி வந்து ரெண்டு அட்டையால துண்டுகளை வாரி, பொடியை செல்லோ டேப்பால ஒத்தி எடுத்து, ஈரப் பேப்பரால துடைங்க. எல்லாத்தையும் மூடி போட்ட கண்ணாடி ஊறுகாய் பாட்டில்ல போட்டு அந்த மூணாவது பெட்டியில வைங்க. எல்.இ.டி. உடைஞ்சா இவ்வளவு வேண்டாம், அதுல பாதரசம் கிடையாது.

அண்ணா நகர்: அப்பாவுக்கு இன்சுலின் ஊசி தினம் போடறோம்.

கெட்டியான ஷாம்பு பாட்டில்ல போடுங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடியை டேப் ஒட்டி "ஊசி"ன்னு தமிழ்ல பெரிசா எழுதுங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில வாங்கிப்பாங்களான்னு கேளுங்க. வாங்கலேன்னா தூய்மைப் பணியாளர்கிட்ட சொல்லிக் கையில கொடுங்க. கவர்ல சொருகி முடிச்சுப் போட்டா, அதை அவிழ்க்கிற விரல்லதான் குத்தும்.

சூளைமேடு: பாத்ரூம் டைல்ஸ் உடைச்ச ரப்பிஷ் ரெண்டு மூட்டை இருக்கு.

1913-ல பதிவு பண்ணுங்க. தொட்டிப் பக்கத்துல வைக்காதீங்க, மழைநீர் வடிகால்லயும் தள்ளாதீங்க.

திருவான்மியூர்: ஈரக்குப்பையை எந்தக் கவர்ல கட்டினா நல்லது?

முதல் பதிலைப் படிங்க. கவரே வேண்டாம், முடிச்சும் வேண்டாம். தொட்டி அடியில நியூஸ்பேப்பர் விரிங்க, வண்டி வந்தா அப்படியே கவிழ்த்துட்டுத் தொட்டியை அலசிடுங்க.

நங்கநல்லூர்: மக்கும் கவர்னு விக்கறாங்களே, அதுல கட்டலாமா?

ஐ.எஸ். 17088-னு (மக்கும் பிளாஸ்டிக்குக்கான தர எண்) அச்சடிச்சிருந்தாலும் அது பெரிய உரக்கூடத்துச் சூட்டுக்கானது, கிட்டத்தட்ட 60 டிகிரி. உங்க தொட்டி அவ்வளவு சூடாகாது, கவர் கவராவே இருக்கும்.

வியாசர்பாடி: போகிக்கு பழைய பாய், டயர்...

எரிக்காதீங்க. 2018 போகி அன்னைக்குப் புகையில விமானம் இறங்க முடியாம திருப்பி விட்டாங்க. பாயை மாநகராட்சி வண்டியில கொடுங்க, டயர் பஞ்சர் கடைக்கு.

முகப்பேர்: எங்க வார்டு குப்பை டெண்டர் யாருக்குப் போச்சு?

என் பாடம் இல்ல.

போரூர்: ஈரக்குப்பைக்குக் கருப்புக் கவர் வாங்கலாமா?

வேண்டாம். மூணாவது தடவை சொல்றேன்.

ஆலந்தூர்: பழைய போன் பேட்டரி ஊதிப் போய்க் கிடக்கு. குப்பைத் தொட்டியில போட்டா தப்பா?

ரொம்பத் தப்பு. கம்பாக்டர் வண்டி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கும், கூட இருக்கிற காஞ்ச குப்பையும் சேர்ந்து எரியும். குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. கழட்டி எடுத்த பேட்டரின்னா முனைகள்ல இன்சுலேஷன் டேப் ஒட்டி, காஞ்ச மணல் போட்ட தகர டப்பாவுல வச்சு, இன்னைக்கே மின்கழிவு வாங்கற இடத்துக்கோ போன் சர்வீஸ் சென்டருக்கோ கொண்டு போங்க. போனோட ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, போனோடயே கொடுத்துடுங்க. பஸ்ல பேன்ட் பாக்கெட்ல வச்சுக்காதீங்க.