பாஸ்வேர்டு கோப்பு என்று வருவது டெக்ஸ்ட்தானா? – கேள்வி பதில்

சார், மெயிலில் வந்த ஜிப்பில் பூட்டிய பிடிஎஃப் ஒன்றும் ‘பாஸ்வேர்டு.டிஎக்ஸ்டி’ ஒன்றும் இருக்கின்றன. டெக்ஸ்ட் கோப்பில் வைரஸ் வருமா?

டெக்ஸ்டிலிருந்து வராது. ஆனால் அது டெக்ஸ்ட்தானா? முழுப்பெயர் ‘பாஸ்வேர்டு.டிஎக்ஸ்டி.எல்என்கே’ என்றால் அது ஷார்ட்கட், அதாவது வேறொரு நிரலை ஓட்டும் குறுக்குவழி. நோட்பேடு ஐகானை மாட்டியிருப்பார்கள். இரட்டைக் கிளிக் செய்ததும் விண்டோஸின் சொந்த நிரலான எம்எஸ்எச்டிஏ, இணையத்திலிருந்து திருட்டு ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) இழுத்து ஓட்டும். கூடவே நோட்பேடும் திறந்து பாஸ்வேர்டைக் காட்டும். அதைப் போட்டால் பிடிஎஃப்பும் திறக்கும். பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? கிரிப்டோகரன்சி நிறுவனங்களுக்கு இதே பெயரில் ஷார்ட்கட் வந்ததை ஜப்பானின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ஜேபிசெர்ட் 2019-லேயே எழுதியிருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசி ஒட்டு) காட்டும் செட்டிங்கைப் போட்டிருக்கிறேன். அப்போதும் .எல்என்கே தெரியாதா?

தெரியாது. ஷார்ட்கட் போன்ற சில வகைகளுக்கு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ‘நெவர்ஷோஎக்ஸ்ட்’ என்று ஒன்று உண்டு, செட்டிங் எதுவானாலும் .எல்என்கே மறைந்தே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், செட்டிங் போடாதவருக்கு ஒரு துப்பாவது கிடைக்கும்: மற்ற டெக்ஸ்ட் கோப்புகளில் .டிஎக்ஸ்டி தெரியாதபோது இதில் மட்டும் தெரியும்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்ஸ்ப்ளோரரில் ‘டீடெயில்ஸ்’ வியூ வையுங்கள். ‘டைப்’ பத்தியில் ‘ஷார்ட்கட்’ என்று இருந்தால் முடிந்தது கதை. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘டிர்’ அடித்தாலும், ஜிப் திறக்கும் நிரலான செவன்-ஜிப்பில் பார்த்தாலும் முழுப்பெயர் வரும். பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம்: அப்டேட் செய்யாத விண்டோஸில் அது 260 எழுத்துவரைதான் காட்டும், முன்னால் வெற்றிடத்தை நிரப்பிக் கட்டளையைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். நோட்பேடின் ‘ஓப்பன்’ வழியாகவும் பார்க்க முடியாது. அது ஷார்ட்கட் காட்டும் இடத்துக்குத்தான் போகும்.

மெயில் ஸ்கேன் ஏன் பிடிக்கவில்லை?

ஜிப்பையே பூட்டி அனுப்பினால் ஸ்கேனரால் உள்ளே படிக்க முடியாது. ஆனால் சாதாரண ஜிப் பூட்டில் உள்ளடக்கம்தான் மறையும், கோப்புப் பெயர்கள் மறையாது. பாஸ்வேர்டு போடுமுன் செவன்-ஜிப்பில் பெயர்களைப் பார்த்துவிடுங்கள்.

ஃபோனில் திறந்துவிட்டேன்.

விண்டோஸ் ஷார்ட்கட் ஃபோனில் ஓடாது. கணினிக்கு அனுப்பாதீர்கள்.

அண்ணா, கணினியில் கிளிக் செய்தே விட்டேன்!

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், கேபிள் இருந்தால் அதையும். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ கொடுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீ திருடு போயிருந்தால் பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் புது ஷார்ட்கட் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். ஆபீஸ் கணினி என்றால் எதையும் அழிக்காமல் ஐடி பிரிவிடம் அப்படியே கொடுங்கள். அந்த ஜிப்பும் மெயிலும் அவர்களுக்குத் தேவைப்படும்.