3000 வாட் இன்ஸ்டன்ட் கீசருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதுமா? 10 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) அடிக்கடி விழுது, 32 போடலாமா? ப்ளக்கும் சூடாகுது.

போதாதுங்க, 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போடுங்க, டிபில (எம்சிபி எல்லாம் இருக்கற பாக்ஸ்) இருந்து கீசர் பாயின்ட் வரைக்கும் தனி லைனா. எம்சிபி அடிக்கடி விழுதுன்னு 10 ஆம்ப்ஸ எடுத்துட்டு 32 போடலாமான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அத மட்டும் செஞ்சுடாதீங்க. எம்சிபி விழாது, சுவருக்குள்ள ஒயர்தான் கருகும்.

கணக்கு சிம்பிள். 3000 வாட்ட 230 வோல்ட்டால வகுத்தா 13 ஆம்ப்ஸ், அதே லைன்ல பாத்ரூம் லைட்டும் பேனும் வேற ஓடுதுன்னா 10 ஆம்ப்ஸ் எம்சிபி விழத்தான் செய்யும், அது அதோட வேலைய பாக்குது. 2.5 போட்டப்புறம் 16 ஆம்ப்ஸ் எம்சிபி சரியா இருக்கும்.

ப்ளக் சூடாகுதுன்னு சொன்னது ஒயரால மட்டும் இருக்காது, அனேகமா லூஸ் கான்டாக்ட். மெயின ஆஃப் பண்ணி டெஸ்டர் வச்சு பாத்துட்டு ப்ளக்டாப்ப கழட்டுங்க. ஒரு பின் மட்டும் கருத்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பா இளகியிருந்தா அந்த ஸ்க்ரூதான் லூஸ். எங்க வீட்லயும் இதேதான், நான் ஒரு வாரமா கீசரத்தான் திட்டிட்டு இருந்தேன். சாக்கெட் 16 ஆம்ப்ஸ் தானான்னும் பாருங்க, சின்ன 6 ஆம்ப்ஸ்ல கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டறவங்க நிறைய பேர்.

ஒயர் மேலயே சைஸ் அச்சடிச்சிருக்கும், கடைக்காரர் வாய் வார்த்தைய நம்பாதீங்க. நியூட்ரலும் அதே 2.5 தான், பழைய 1.5 நியூட்ரல அப்படியே விட்றாதீங்க.

டிபி ரொம்ப தள்ளி இருந்தாலோ ஒரே பைப்புல ஏற்கனவே நிறைய ஒயர் போனாலோ 4 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு போயிடுங்க. எர்த் இல்லாம மட்டும் கீசர ஆன் பண்ணாதீங்க.