பேய்க் கதை படித்தே ஜப்பானிய மொழி கற்கலாமா?

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை முடித்திருக்கிறேன் (என்5 தொடக்கம், என்1 உச்சம்). பாடப்புத்தகம் அலுத்துவிட்டது. அமானுஷ்யக் கதைகள் பிடிக்கும் என்பதால் 'உகெட்சு மோனோகதாரி' மூலத்தை வாங்கினேன். முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. இந்த வழி எனக்குச் சரிப்படாதா?

பதில்: வழி சரிதான், புத்தகம்தான் தப்பு. 'உகெட்சு' 1776இல் வந்தது. நீங்கள் படித்த வினைமுடிவுகள் அதில் இருக்காது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கியவர் சிலப்பதிகாரத்தைப் பிரித்த மாதிரிதான்.

ஆனால் வருஷத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. யானகிதா குனியோ தொகுத்த நாட்டுப்புறக் கதைகளான 'தோனோ மோனோகதாரி' 1910இல் வந்தது. நடையோ பழைய ஏட்டு நடை. அதற்கு இரண்டு வருஷம் முந்தி நட்சுமே சோசெகி நாளிதழில் எழுதிய 'யுமே ஜூயா' பேச்சுக்கு நெருக்கமான நடை. அதில் தொடங்குங்கள். பத்துக் கனவுகள், ஒவ்வொன்றும் சில பக்கம்தான். "கொன்னா யுமே ஓ மிதா" என்று ஆரம்பிக்கும்: இப்படியொரு கனவு கண்டேன். நம்மைப் போலவே அவர்களும் கனவைக் காண்கிறார்கள்!

மூன்றாம் கனவை முதலில் எடுங்கள். ஒருவன் தன் ஆறு வயதுப் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு இருட்டில் நடக்கிறான். பிள்ளைக்குப் பார்வை இல்லை. "அப்பா, கனக்குதா?" என்கிறது. இல்லை என்கிறான். "இமா நி ஓமோகு நாரு யோ" என்கிறது பிள்ளை: கொஞ்ச நேரத்தில் கனக்கும் பாரு. கனம் என்ற 'ஓமோய்', 'ஓமோகு நாரு' ஆகிறது. நீங்கள் என்5இலேயே படித்த இலக்கணம். நூறு வருஷத்துக்கு முன் நீதானே என்னைக் கொன்றாய் என்று பிள்ளை கேட்டதும் முதுகில் ஜிசோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் கல் சிலையாய்க் கனக்கும்போது, அந்த விதி உங்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

தமிழ்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. 'கொரோஷிதே ஷிமாத்தா' என்றால் கொன்றுவிட்டேன். 'தபேதே மிரு' சாப்பிட்டுப் பார். துணைவினைகள் நம்முடையவை போலவே வினைக்குப் பின்னால் வந்து ஒட்டுகின்றன. அதனால் ஆங்கில விளக்கம் வழியாகச் சுற்றி வராமல் ஓரத்தில் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அகராதியைத் தொடாமல் வாய்விட்டுப் படியுங்கள். 'ஓமோகா நாய்' (கனக்கவில்லை) போன்ற பேச்சுச் சுருக்கங்கள் அகராதியில் அகப்படாது, காதில் விழும்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம். 'அவோசோரா புன்கோ' இணைய நூலகத்தில் இலவசம். ஒரே படைப்புக்குப் பல பதிப்பு இருந்தால் 'ஷின்ஜி ஷின்கானா' (புதிய எழுத்து, புதிய எழுத்துக்கூட்டல்) என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 1946 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறையில் இன்று என்ற 'க்யோ'வைக்கூட 'கெஃபு' என்று எழுதுவார்கள். அப்புறம், கதையில் வரும் 'ஓமாயே' (நீ), 'ஓரே' (நான்) போன்ற மரியாதையில்லாத சொற்கள் எல்லாம் படிப்பதற்கு மட்டும். மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்ததாகக் காதில்லாத ஹோயிச்சி கதை. லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் இதை ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஜப்பானியத்தில் கிடைப்பது மொழிபெயர்ப்பு. அதனால் காஞ்சி எனும் சீன வழி எழுத்துக்கு மேல் உச்சரிப்பு அச்சிட்ட சிறுவர் பதிப்பையே கூச்சப்படாமல் வாங்கலாம்.

உகெட்சுவைப் பரணில் போட வேண்டாம். அட்டையில் 'கெந்தாய்கோயாகு' என்று போட்ட தற்கால மொழிப் பதிப்பு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்2 முடித்த பிறகு திறவுங்கள்.