வேதிப் பொறியியல் ஆய்வு மாணவரிடம் சில கேள்விகள்

பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி: அண்ணா, வேதியியலை விட்டு வேதிப் பொறியியலைத் தேர்ந்தது ஏன்?

இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. ஒரு வினை ஏன் நிகழ்கிறது என்பதை வேதியியல் ஆராய்கிறது. அவ்வினையைத் தடையின்றி, பேரளவில், கட்டுப்படியாகும் செலவில் நடத்தும் வழியை வேதிப் பொறியியல் தேடுகிறது. பி.டெக். பாடங்களில், ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு, நீரிலிருந்து திண்மத்துக்குப் போல, நகர்வதை ஆராயும் நிறை மாற்றமே என்னைக் கவர்ந்ததால், முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வெழுதி எம்.டெக். முடித்து, இப்போது நீரிலிருந்து ஃப்ளூரைடை நீக்குவது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

பென்னாகரம், விவசாயி: தம்பி, காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்தான் 2013-லேயே வந்துவிட்டதே, இன்னும் இந்த ஆராய்ச்சி எதற்கு?

அத்திட்டம் பேருதவி என்பதில் ஐயமில்லை, ஐயா. ஆயினும் குழாயில் நீர் வராத நாளில் கை நீள்வது ஆழ்துளைக் கிணற்றை நோக்கித்தான். இங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமே ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 வரை. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறுவயது முதல் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகமிக எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று பலர் நம்புகின்றனர். நீர் ஆவியாக, எஞ்சியதில் ஃப்ளூரைடின் செறிவு கூடவே செய்யும்.

கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்: ஆய்வகத்தில் தங்கள் வேலை என்ன?

கண்ணாடிக் குழாயில், ஃப்ளூரைடைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும் நுண்துளை அலுமினியம் ஆக்சைடான கிளர்வுற்ற அலுமினா மணிகளை நிரப்பி, நீரைச் சீரான வேகத்தில் செலுத்தி, வெளிவரும் நீரைக் குறித்த இடைவெளிகளில் பிடித்து, ஃப்ளூரைடு மின்முனையால் அளக்கிறேன். தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றும் இராது. மணிகளின் பரப்பு நிறைய நிறைய அளவு ஏறி, எல்லையைத் தாண்டும். அந்நேரத்தை முன்கூட்டிக் கணிப்பதே பொறியியல். வாலை வடிநீரில் சோடியம் ஃப்ளூரைடைக் கரைத்துச் சோதித்தால் முடிவுகள் அழகாக வரும். நம் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டோ காரத்தன்மையைக் கூட்டி அலுமினாவின் திறனைக் குறைத்துவிடும். ஆகவே வடிநீர் எண்களை மட்டும் தரும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நிறைந்த மணிகளைக் காஸ்டிக் சோடாவால் கழுவி, நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஃப்ளூரைடு செறிந்த அந்தக் கழுவுநீரை எங்கே கொட்டுவது என்பதுதான் என் ஆய்வின் மையச் சிக்கல்.

ஓசூர், பெற்றோர்: வேலை கிடைக்குமா?

மருந்து, பெயிண்ட், உரம், சுத்திகரிப்பு ஆலைகளில் வாய்ப்புண்டு. ஆய்வுக்கு வருவோருக்குப் பொறுமையும் வேண்டும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலைப் பணியாளர்: கழிவாகும் மாங்கொட்டையைக் கரியாக்கிப் பயன்படுத்த முடியுமா?

முடியும், ஆனால் வெறுங்கரி சாயத்தைப் பிடிக்குமளவு ஃப்ளூரைடைப் பிடிக்காது. அதன் மேல் அலுமினியம் ஹைட்ராக்சைடைப் படியவைத்தால் பிடிப்புக் கூடும். அந்த அலுமினியம் குடிநீரில் கரைந்து வருகிறதா என்பதையும் உடன் அளக்காமல் அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.