சுவரில் நிற்கும் பூச்சாண்டி

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. போன மாதம் நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் எங்கள் பள்ளியின் தெருப்பக்கச் சுவர் முழுக்கச் சிறுவர் கதைகளை வரைந்தார்கள். வடை சுட்ட பாட்டி, முயல், ஆமை எல்லாம் அழகு. கடைசியில், தோளில் சாக்கு மூட்டையோடு கன்னங்கரேலென்று ஒரு பூச்சாண்டி. என் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா, சாக்கோடு தெருத்தெருவாகப் போய்ப் பழைய இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்குகிறவர். இப்போது பிள்ளைகள் அவனைப் 'பூச்சாண்டி மகன்' என்கிறார்கள். "கதையைப் போய்ப் பெரிசுபடுத்தாதீங்க டீச்சர்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டீச்சர், நீங்கள் பெரிசுபடுத்தவில்லை. அந்தப் பையன் தினமும் இரண்டு தடவை அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய்வர வேண்டியிருக்கிறது.

என் பாட்டியும் பூச்சாண்டியைக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டினார். கிண்ணம் காலியானதும் அவன் போய்விடுவான். வாயால் சொல்லும் கதைக்கு அந்த வசதி உண்டு. கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வடை கதையையே பாருங்களேன். நரியிடம் ஏமாந்த காகம், இப்போதெல்லாம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது! சுவரில் ஏறியவனுக்கு அந்த வழி கிடையாது.

இன்னொன்று, கதையில் பூச்சாண்டிக்கு முகமே இல்லை. வரைகிறவர்தான் கொடுக்க வேண்டும். கருத்த தோல், சடைமுடி, கிழிந்த வேட்டி, சாக்கு என்று தெருவில் போகும் ஏழையிடமிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார், கை பழகிப்போயிருக்கும். எனக்கு எப்போதும் வலிக்கிற விஷயம் இது: ஊர் எல்லையில் கரிய மேனி, முறுக்கு மீசை, அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியைக் கும்பிடுகிறோம். அதே நிறம், அதே மீசை பள்ளிச் சுவருக்கு வந்தால் திருடன் என்கிறோம்.

இதெல்லாம் வெறும் படம் என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துங்கள். 2018-இல் 'பிள்ளை பிடிக்கிற கும்பல்' வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அந்த வதந்தியை அத்தனை பேர் சட்டென்று நம்பியதற்குச் சின்ன வயதில் கேட்ட சாக்குக்காரனுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில், பட்டப்பெயர் சொல்லும் பிள்ளைகளைத் தனியாக அழைத்து, இது இன்றோடு நிற்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தப் பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பரிதாபம் காட்டாதீர்கள்; அவனுக்கு அது இரண்டாவது அடி. பழைய சாமான் எங்கே போகிறது, எப்படி மறுபடி வாளியாகவும் கம்பியாகவும் வருகிறது என்பதை ஒரு நாள் பாடமாகவே நடத்தலாம், யார் பெயரையும் சொல்லாமல்.

சுவர் விஷயத்தைத் தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். மற்றக் கதைகள் இருக்கட்டும், ஒரே ஓர் உருவத்தைத்தான் மாற்றக் கேட்கிறீர்கள் என்றால் நன்கொடையாளர் வருத்தப்பட மாட்டார். சென்னை கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தபோது, அங்கேயே வசிக்கும் பிள்ளைகளின் முகங்களும் சுவரேறின. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காத நிலை பலருக்கு இருந்த இடம் அது. உங்கள் சுவரிலும் அந்த இடத்தில் யார் வரலாம் என்று உங்கள் இரண்டாம் வகுப்பையே கேளுங்கள்.

அப்புறம், பழைய படம் எனாமலில் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே புதிது வரையச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேல்பூச்சு உரிந்து, அவன் மறுபடி எட்டிப் பார்ப்பான்.